ஐந்து நிமிடம் என்று சொன்னவள் நான்

1

நான் எழுத்தாளர் இல்லை. இர்பித் நகரத்தில், பழைய காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் குடும்ப நல மையத்தில் தாய்மார்களுக்கு வகுப்பு எடுக்கிறவள். பெயர் நஜ்லா. என்னை எழுத வைத்தது ஒரு படிவம்.

மையத்தில் ஏதாவது தப்பாக நடந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். "என்ன நடந்தது?" என்ற கேள்விக்குக் கீழே ஐந்து கோடுகள் போட்டிருப்பார்கள். நான் எழுதியது இவ்வளவுதான்:

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஐந்தாவது வாரப் பயிற்சி தொடங்கும் நேரத்தில், ஒரு தாய் தன் ஐந்து வயது மகளை விளையாட்டு அறையில் விட்டுவிட்டுச் சென்றார்.

"விட்டுவிட்டு" என்பதை அடித்து "ஒப்படைத்துவிட்டு" என்று மாற்றினேன். பிறகு அதையும் அடித்தேன். ஒரு சொல்லில் அவள் குற்றவாளி, இன்னொரு சொல்லில் அவள் எல்லோரையும் போல ஒரு அம்மா. எந்தச் சொல் உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. காகிதத்தைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அது நிரம்பியதும் என் மகள் தாலினின் கல்லூரி நோட்டுக்குத் தாவினேன். நீங்கள் படிப்பது அந்த நோட்டைத்தான்.

2

அந்தத் தாயைப் பற்றி முதல் தொடக்கம்: "விஜ்தான் சோகமான கண்களை உடையவள்."

வேண்டாம். அவள் கண்கள் சாதாரணக் கண்கள். கீழே கொஞ்சம் கறுத்திருக்கும். என் கண்களும் அப்படித்தான்.

இரண்டாவது தொடக்கம்: "போர் தொடங்கியபோது விஜ்தானுக்குப் பதினைந்து வயது. தரா பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எல்லை தாண்டி"

இப்படித் தொடங்கினால் எல்லாப் பழியும் போர் மேல் போய்விடும். அவளே ஒருமுறை சொன்னாள்: "எல்லாத்துக்கும் யுத்தம்னு எழுதிடறாங்க மிஸ். என் பிள்ளைக்கு வயித்து வலி. அதுக்கும் யுத்தமா?"

மூன்றாவது தொடக்கத்தோடு போகிறேன். அது ஒரு பெயர் அட்டை.

எட்டு வாரப் பயிற்சி, செவ்வாய்தோறும் காலை, பன்னிரண்டு தாய்மார்கள். முதல் நாள் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பெயரை எழுதி மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் பெண்களைப் பிள்ளையின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். என்னை உம்மு தாலின் என்பார்கள், தாலினின் அம்மா. அதனால் சொந்தப் பெயரைக் கையால் எழுதச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆறு பிள்ளை பெற்ற புதைனா எழுதிவிட்டு, "யாருடி இவ? பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவ மாதிரி இருக்கா!" என்றாள். அறையே சிரித்தது.

விஜ்தான் சிரிக்கவில்லை. "ஷஹத் பிறந்ததும் உம்மு ஷஹத் ஆனேன்" என்றாள். "போன வருஷம் கரம் பிறந்தான். மறுநாள்லேர்ந்து உம்மு கரம். யாரும் என்கிட்ட கேக்கல." பிறகு அட்டையைக் குத்திக்கொண்டாள். எட்டு வாரமும் முதலில் குத்திக்கொள்கிறவள் அவள்தான்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. கணவன் முஅய்யது தூரத்தில் கல் குவாரியில் வேலை, வியாழன் வருவான், சனி போவான். ஏழு மாதக் கரம் இரவும் பகலும் அழுகிற பிள்ளை. மாடியில் நாத்தனார் கிதாம் இருக்கிறாள். வகுப்புக்கு வரும் நாளில் கைக்குழந்தையைக் கிதாமிடம் கொடுத்துவிட்டு ஷஹத்தைக் கூட்டிக்கொண்டு வருவாள்.

(முதல் நாள் ஒரு கேள்வித்தாளும் உண்டு. "கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை முறை சோர்வாக, நம்பிக்கையின்றி உணர்ந்தீர்கள்?" என்பது போலப் பத்துக் கேள்விகள். விஜ்தான் எல்லாவற்றுக்கும் "அல்ஹம்துலில்லாஹ்", அதாவது இறைவனுக்கே புகழ், என்றாள். அதற்குக் கட்டம் இல்லை. "ஒருபோதும் இல்லை" என்பதில் குறி போட்டேன். பத்துக்கும்.)

3

நான்காவது வாரம் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பயிற்சிக் கையேட்டில் இருப்பதைத்தான் சொன்னேன். ஆனாலும் சொன்ன வாய் என்னுடையது.

"தினமும் அஞ்சு நிமிஷம் உங்களுக்குன்னு எடுத்துக்குங்க. பிள்ளை இல்லாம, வேலை இல்லாம. அது தப்பே இல்ல."

"கக்கூஸ்ல இருக்கற நேரத்தச் சேத்துக்கலாமா மிஸ்?" என்றாள் புதைனா.

"சேத்துக்கக் கூடாது."

"அங்கயும் கதவத் தட்டறானுங்க, அதனால கணக்குல வராதுதான்."

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு விஜ்தான் கை தூக்கினாள். "அஞ்சு நிமிஷம் முடிஞ்சதும் என்ன செய்யணும் மிஸ்?"

"திரும்பிப் போகணும்" என்றேன்.

"அதுக்கு ஏதாவது வழி சொல்லித் தருவீங்களா?"

நான் சிரித்தேன். புதைனா போல அவளும் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். இந்த வரியை இத்தனை நாள் கழித்து எழுதும்போது, கேலியா கேள்வியா என்று மறுபடி தடுமாறுகிறேன். அவள் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்னும் இரண்டு பயிற்சி பாக்கி இருந்தது.

4

ஐந்தாவது வாரம் வந்தாள். பெயர் அட்டையைக் குத்திக்கொண்டாள். ஷஹத்தை விளையாட்டு அறையில் உட்கார வைத்தாள். "கரமுக்கு மருந்து வாங்கணும் மிஸ். கடை பக்கத்துலதான். அஞ்சு நிமிஷம்" என்று போனாள்.

பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனார்கள். விஜ்தானின் போன் அணைந்திருந்தது. ஷஹத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மருந்துக் கடைக்கு நடந்து போய்க் கேட்டேன். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். என்னுடைய மேற்பார்வையாளர் ஃபர்யால் அன்று கூட்டத்துக்காகத் தலைநகர் அம்மானுக்குப் போயிருந்தாள். மையத்தில் நானும் குழந்தையும்தான்.

ஒரு மணிக்குக் கிதாம் கூப்பிட்டாள்.

"மிஸ், விஜ்தான் அங்கதானே இருக்கா? இவன் கத்தித் தீக்கறான்."

"இங்கதான். இன்னைக்கு வகுப்பு கொஞ்சம் நீண்டுடுச்சு."

இது முதல் பொய். ஏன் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

இரண்டரைக்கு மறுபடி.

"போன அவகிட்டக் குடுங்க."

"தொழுதுகிட்டு இருக்கா."

இது இரண்டாவது. தொழுகையை வைத்துப் பொய் சொன்னேன்.

ஷஹத் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் உங்க பேரச் சொல்லுங்க. பிள்ளை பேரு இல்ல, உங்க பேரு." என் குரல் அது, இழுத்து இழுத்து. நான் மதியத்துக்குக் கொண்டுவந்திருந்த, லப்னே என்ற கெட்டித் தயிர் தடவிய ரொட்டியில் பாதி கொடுத்தேன். சாப்பிட்டாள். அம்மா எங்கே என்று அவள் கேட்கவில்லை. அழவில்லை. மூன்று மணிக்கு என்னிடம் கேட்டது வேறு.

"நீங்க எப்ப வீட்டுக்குப் போவீங்க?"

"நீ போன பிறகு."

"அப்ப நான் சீக்கிரம் விளையாடி முடிக்கறேன்" என்றாள், எனக்கு உதவி செய்கிற மாதிரி.

இந்த இடத்தில் நல்ல எழுத்தாளர் ஒருவர் ஏதாவது சொல்வார். நான் மீதிப் பாதி ரொட்டியையும் அவளிடம் கொடுத்தேன்.

5

கிதாமைப் பற்றி ஒரு திருத்தம்.

முதல் வரைவில் அவளைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். நாத்தனார், மாடி வீடு, கையில் ஓயாமல் போன். எழுதும் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. மூன்றே காலுக்கு அவள் மூன்றாவது முறை கூப்பிட்டபோது, நான் அடுத்த பொய்க்கு வாயைத் திறப்பதற்குள் சொன்னாள்:

"வேணாம் மிஸ். விடுங்க. காலையில பிள்ளையக் குடுக்கும்போதே அவ மூஞ்சி சரியில்ல. நான்தான் ஒண்ணும் கேக்காம கதவச் சாத்திட்டேன்."

விளையாட்டு அறைக் கதவை மெல்லச் சாத்தினேன்.

"ஷஹத் உங்ககிட்ட இருக்காளா?"

"இருக்கா."

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

"என் தம்பிகிட்ட நான் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க. வந்தா ஒரு மிஸ்டு கால் குடுங்க, போதும்." போனை வைக்காமல் மறுபடி கேட்டாள். "வருவாதானே மிஸ்?"

அதனால் கொடுமைக்காரியை எடுத்துவிட்டேன். இப்போது கதையில் கெட்டவர் யாரும் இல்லை. இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

6

அவள் எங்கே போனாள்?

இதற்கு நான் எழுதிய பதில்களில் ஒன்று மிக அழகாக இருந்தது. இர்பித்திலிருந்து வடக்கே போனால் ஒரு மேடு உண்டு, அங்கிருந்து எல்லைக்கு அந்தப் பக்கத்து நிலம் தெரியும். விஜ்தான் அங்கே நின்று, தான் பிறந்த கிராமத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு, காற்றில் முக்காடு பறக்க [இன்னும் இரண்டு பக்கம்]. எழுதிவிட்டு நானே அழுதேன். பிறகு கிழித்துப் போட்டேன். (பிறகு சேர்த்தது: பொய். மடித்து வைத்திருக்கிறேன்.)

நடந்தது இது. நான்கு பத்துக்கு அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பெயர் அட்டை அப்படியே மார்பில் இருந்தது. ஒரு பக்கக் கன்னத்தில் சீட்டுத் துணியின் கோடுகள் பதிந்திருந்தன. முகம் பத்து வயது குறைந்தது போல இருந்தது.

"தூங்கிட்டேன் மிஸ்" என்றாள்.

"எங்க?"

"பஸ்ல."

மருந்துக் கடையைத் தாண்டி நடந்திருக்கிறாள். பஸ் நிலையத்தில் அம்மான் பஸ் நின்றிருந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். ஆள் நிரம்பி பஸ் கிளம்புவதற்குள் தூங்கிவிட்டாள். அம்மானில் நடத்துனர் எழுப்பினார். "இறங்கலையா சகோதரி?" என்று கேட்டார். இல்லை என்றாள். அதே பஸ் இர்பித் திரும்ப ஆள் நிரம்புகிற வரை தூங்கினாள், வழியெல்லாம் தூங்கினாள்.

"ஏழு மாசத்துல இதுதான் மிஸ், பிள்ளை எழுப்பாம தூங்கினது."

ஷஹத் அம்மாவைப் பார்த்தாள். ஓடவில்லை. ஷூவை எடுத்து வந்து நீட்டினாள், போட்டு விடச் சொல்லி. விஜ்தான் கீழே உட்கார்ந்து நாடா கட்டினாள். அவிழ்ந்தது. மறுபடி கட்டினாள்.

நான் கிதாமுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன்.

7

எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள்: சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும். ஷஹத்தைப் பொம்மைகளிடம் திருப்பி அனுப்பிவிட்டு, அவளை என் அறைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"விஜ்தான், செத்துப் போகணும்னு தோணுதா உனக்கு?"

வெகுநேரம் யோசித்தாள். அப்படி யோசித்ததே என்னைப் பயமுறுத்தியது.

"இல்ல மிஸ். தூங்கணும்னு தோணுது." பிறகு, "ரெண்டும் ஒண்ணா?"

கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. இரண்டும் ஒன்றில்லை என்றேன். ஒன்றுதான் என்று சில நாட்களில் எனக்கே தோன்றியிருக்கிறது. தாலின் பிறந்த வருஷம், அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்க, அதைப் பார்த்தபடியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று

இது என் கதை இல்லை. விடுகிறேன்.

8

மறுநாள் ஃபர்யால் அம்மானிலிருந்து வந்ததும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நின்றேன். என்னைவிடப் பத்து வயது இளையவள், நல்லவள், சட்டம் தெரிந்தவள்.

"உம்மு தாலின், ஒண்ணு சொல்றேன், நல்லா கேட்டுக்குங்க. நீங்க எழுதிக் குடுத்தா எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சா நான் அனுப்பியே ஆகணும்."

"அனுப்பினா?"

"குழந்தைப் பாதுகாப்பு ஆளுங்க வீட்டுக்கு வருவாங்க. புருஷன்கிட்ட பேசுவாங்க. ஆனா மனநல டாக்டரும் அதே படிவத்துலதான் வருவாங்க. வாராவாரம், இலவசமா."

"டாக்டர் மட்டும் வர்ற மாதிரி படிவம் இல்லையா?"

"இல்ல."

"நான் எழுதலன்னா?"

"நான் எதையும் கேக்கல" என்று எழுந்து தேநீர் வைக்கப் போனாள்.

இங்கேதான் நான் உண்மையிலேயே குழம்பினேன். எழுதினால் காட்டிக்கொடுக்கிறேன். எழுதாவிட்டால் அவளுக்கு வரவேண்டிய மருத்துவரைத் தடுக்கிறேன். விஜ்தானைக் கேட்டால் எழுதாதீர்கள் என்பாள். அவளிடம் கேட்பது நியாயமா, சுமையை அவள் தலையிலேயே வைப்பதா? ஷஹத்திடம் யார் கேட்பது? கேட்டால் அவள் என்ன சொல்வாள், நான் சீக்கிரம் விளையாடி முடிக்கிறேன் என்பாளா?

அவள் திரும்பி வந்த நேரத்திலிருந்து எண்ணினால், இருபத்து நான்கு மணி நேரம் மாலை நான்கு பத்துக்கு முடிந்தது. நான் எழுதிக் கொடுக்கவில்லை. முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். நேரம் முடிந்தது, அவ்வளவுதான்.

9

பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

வகுப்பு இல்லாத ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கிதாமிடம் பேசினேன். வாரத்தில் இரண்டு இரவு கரமை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றாள். போனாள், இன்றுவரை போகிறாள். ஊர் சுகாதார நிலையத்தில் மனநல ஆலோசகர் ஒருவர் புதன்கிழமை உட்காருவார். விஜ்தானை நானே கூட்டிப்போனேன். இரண்டு முறை வந்தாள். மூன்றாவது புதனுக்கு, "அங்க உக்காந்து பேசற நேரத்துக்குத் தூங்கலாம் மிஸ்" என்று வரவில்லை. நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமோ? அடுத்த புதன் அந்தப் பக்கம் போகும்போது நிலையத்தின் வாசலைப் பார்க்காமல் போனேன்.

எட்டாவது வாரம் அதே கேள்வித்தாளை மறுபடி கொடுத்தோம். இந்த முறை விஜ்தான் பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பத்துக் கேள்விக்கும் தானே குறி போட்டாள். "பெரும்பாலான நாட்கள்." "ஏறக்குறைய தினமும்." "பெரும்பாலான நாட்கள்."

ஃபர்யால் எண்களைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்க குழுவுல எல்லாரும் முன்னேறியிருக்காங்க, ஒருத்தியத் தவிர. அந்த ஒருத்தி சராசரியையே கீழ இழுத்துட்டா. என்ன ஆச்சு அவளுக்கு?"

"மொத தடவ பொய் சொன்னா. இப்ப உண்மையச் சொல்றா."

"அத எந்தப் பத்தியில எழுத?"

அவள் தேறினாளா, மோசமானாளா? என் வகுப்பால் பேச வந்ததா, என் வகுப்பால்தான் பஸ் ஏறினாளா? அறிக்கை போய்விட்டது. அதில் அவள் ஒரு எண். அந்த எண் சொல்வது, எட்டு வாரத்தில் அவளைக் கெடுத்துவிட்டோம் என்பது.

10

போன வாரம் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு விஜ்தான் வீட்டுக்குப் போனேன். அவளிடம் கேட்காமல் இதை யாருக்கும் காட்டக் கூடாது என்று பட்டது. மரமிய்யா இலை போட்ட தேநீர் கொடுத்தாள். கரம் என் கால் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நான் முழுவதையும் வாசித்தேன். அவள் கோவைக்காய் அளவு சின்னக் கத்திரிக்காய்களைக் காம்பு கிள்ளியபடி கேட்டாள்.

"இவ ரொம்ப பாவமா இருக்கா மிஸ்."

"யாரு?"

"இந்தக் கதையில வர்ற பொம்பள. நான் அன்னைக்குப் பாவமா இல்ல. வழியில ஜெரஷ் பக்கம் ஒரு தடவ முழிச்சேன். மடியில வெயில் இருந்துச்சு. வெயில் மட்டும்தான் இருந்துச்சு. அத எழுதுங்க."

எழுதிக்கொண்டேன்.

"அப்பறம் அந்த மேட்டுல நிக்கற கதை. எனக்கு அங்க யார் இருக்கா? வீடு இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா நல்லாத்தான் இருந்துச்சு. ஏன் கிழிச்சீங்க?"

"கிழிக்கல."

சிரித்தாள். அந்தச் சிரிப்பின் தைரியத்தில், எழுதும்போது தாண்டிப் போன இடத்தைக் கேட்டுவிட்டேன்.

"விஜ்தான், பஸ்ல ஏறினப்போ, திரும்பி வரணும்னு நினைச்சியா?"

"ஆமா" என்றாள் உடனே. ஒரு கத்திரிக்காயின் காம்பைக் கிள்ளினாள். அடுத்ததைக் கையில் எடுத்து அப்படியே வைத்திருந்தாள். "தெரியல."

நான் பேனாவை எடுத்தேன்.

"தெரியலன்னு எழுதாதீங்க மிஸ்."

"சரி. ஆமான்னு எழுதவா?"

"அது பொய்யா இருந்தா?"

"அப்ப என்னதான் எழுதறது?"

"செப்டம்பர்ல ஷஹத் ஸ்கூலுக்குப் போறா. இப்பவே கடை போர்டெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கறா. ஒரு நாள் இதையும் படிப்பா. அவளுக்கு எது நல்லதோ அத எழுதுங்க."

"எது நல்லது?"

"என்னைக் கேக்கறீங்களே! நீங்கதானே வகுப்பு எடுக்கறது?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நெசமாவே கேக்கறேன் மிஸ். எது நல்லது அவளுக்கு? அம்மா திரும்பி வரணும்னு நினைச்சுத்தான் போனான்னு தெரியறதா? இல்ல, நினைக்காமப் போயும் வந்துட்டான்னு தெரியறதா?"

பக்கத்து அறையிலிருந்து ஷஹத் ஏதோ ஒரு பெயரை எழுத்து எழுத்தாக உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். தேநீர் குடித்தோம். கத்திரிக்காய் முடிந்தது. வந்துவிட்டேன்.

ஒரு வாரமாக அந்த வரியை எழுதிப் பார்த்து அழிக்கிறேன். இருபது வருஷமாக அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இது தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரியலாம். நீங்கள் யாருக்கோ பிள்ளை. சிலர் யாருக்கோ அம்மா. இடம் விட்டிருக்கிறேன். பென்சிலால் எழுதுங்கள், மறுநாள் மாற்றத் தோன்றும்.

ஷஹத், மருந்துக் கடையைத் தாண்டி, பஸ் நிலையத்துக்குள் போய், அம்மான் பஸ்ஸின் முதல் படியில் கால் வைத்தபோது, உன் அம்மா